எதிரொலி தொலைத்த பேய்கள்

அத்தியாயம் ஒன்பது

மனநோய் ஆஸ்பத்திரியின் வண்டி சரியாக நான்கு மணிக்கு வானொலி நிலையத்து வாசலுக்கு வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதில் ஏற வேண்டியவள் மூன்றாவது மாடியில், நடிகர்கள் காத்திருக்கும் அறையில், கேப்டனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றேகால்.

"உட்காருங்க சார். பைத்தியம் கடிக்காது."

கேப்டன் உட்காரவில்லை. இருபத்திரண்டு வருடம் ராணுவப் போலீஸில் இருந்தவர். இப்போது தனியாகத் துப்பறிபவர்; அவள் எழுதிய கடிதம் கிடைத்து இரண்டு நாள் ஆயிற்று. அறுபத்தொரு வயதிலும் சட்டையின் கழுத்துப் பித்தானைப் போடாமல் வாசற்படி இறங்கமாட்டார். முதுகு வளைய ஆரம்பித்தால் மனிதனும் வளைந்துவிடுவான் என்பது அவர் கட்சி.

அவருக்குப் போட்ட நாற்காலியில் அவருடைய உதவியாள் தாராளமாக உட்கார்ந்துகொண்டான். கேப்டன் மனைவியின் தம்பி. ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன். பழைய ரேடியோ வால்வைப்போல் சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், சூடாகிவிட்டால் சத்தம் நிற்காது என்பதால் ஊரே அவனை வால்வு என்றுதான் கூப்பிட்டது.

"கடிக்கிறதா இருந்தா அத்தானைக் கடிங்கம்மா. பல்லு உடையும், ஆனா பேரு கிடைக்கும்" என்றான் வால்வு.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒலிபரப்பாகும் 'காத்திருக்கும் நாற்காலி' என்ற போர்க்காலக் குடும்ப நாடகத்தில் வீட்டுக்கு மூத்த மருமகள் அவள்தான். நாடகத்தை எழுதி நடத்துகிறவர் அவளுடைய சொந்த மாமனார். நான்கு மாதம் முன்பு போர்முனையிலிருந்து ஒரு தந்தி வந்தது. அவள் கணவன் இருந்த படைப்பிரிவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்றது தந்தி. மாமனார் அதை இரண்டு முறை படித்தார். பிறகு அதை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல், மறுவார நாடகத்தில் வைத்து, மருமகளையே வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். நாடெங்கும் பெண்கள் கறுப்பு விளிம்பு போட்ட கடிதங்களாக எழுதித் தள்ளினார்கள். மூட்டை மூட்டையாக வந்த அந்தக் கடிதங்கள் மாமனாரின் அறையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

"போன வெள்ளிக்கிழமை என்ன நடந்துச்சு? உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. நினைச்சதைச் சொல்லவேண்டாம்" என்றார் கேப்டன்.

"வெள்ளிக்கிழமைகள்ல ஏழு மணிக்குப் பேய் நாடகம் உண்டு சார், 'வெள்ளிக்கிழமை விருந்தாளி'ன்னு. அதுவும் மாமா நடத்தறதுதான். நான் தனியா இருக்கற ஒரு பொம்பளை. வாசல்ல ஒரு பேய் வந்து நிக்கும். நேரடி ஒலிபரப்பு. பேய் தன் வசனத்தைச் சொல்லிச்சு. நான் 'யாரது?'ன்னு கேக்கணும், கேட்டேன். அதுக்கப்புறம் வசனத் தாள்ல எதுவும் எழுதலை. ஆனா என் காதுல மாட்டியிருந்த கருவியில ஒரு குரல் வந்துச்சு. 'பயமா இருக்கு வக்கீலம்மா, கதவைத் திற.'"

"வக்கீலம்மா?"

"நான் எதுக்கெடுத்தாலும் வாதாடுவேன்னு என் வீட்டுக்காரர் வெச்ச பேரு. நாங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கும்போதுதான் சொல்லுவார்." அவள் கைக்குட்டையை மடித்து மடித்துச் சதுரமாக்கினாள். "நான் கத்திட்டேன். நேரடி ஒலிபரப்புல. மறுநாள் டாக்டர் வந்தார். அது என் வீட்டுக்காரர் குரல்தான்னு அவர்கிட்டயும் சொன்னேன். பேயா நடிக்கிறவர்தான் அந்த வசனத்தைச் சேர்த்துச் சொன்னார்னு மாமா சொல்றார். பேயா நடிக்கிறவரும் ஆமாங்கிறார். புருஷன் செத்த துக்கத்துல எனக்கு மூளை கலங்கிடுச்சாம். மாமா கையெழுத்துப் போட்டுட்டார். இன்னிக்குச் சாயங்காலத்து நாடகத்துல என் பாத்திரத்தை ஊருக்கு அனுப்பிட்டாங்க."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"நான் பைத்தியம் இல்லைன்னு அந்த டாக்டர் தன் கையால எழுதணும் சார். உள்ளே போனா யாரும் அங்கிருந்து திரும்பி வந்ததில்லை."

வால்வு தலையைச் சொறிந்தான். அவனுக்கு அப்போதுதான் சூடு ஏறத் தொடங்கியிருந்தது.

"அத்தான், நான் அந்தப் பேய் நாடகத்தை ஒரு வாரம்கூட விடாம கேக்கறவன். அக்கா திட்டத் திட்டக் கேப்பேன். ஒரு குறை சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்தேன். நடுவுல மூணு வாரம் பேய் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் சர்க்கரை கேக்க வந்த மாதிரி பேசிச்சு. பயமே இல்ல. முன்னெல்லாம் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி ஒரு எதிரொலி இருக்கும். அந்த மூணு வாரமும் அதைக் காணோம். போன வெள்ளிக்கிழமைதான் திரும்ப வந்துச்சு."

கேப்டன் அவனை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதை ஏன்டா ரெண்டு நாளா சொல்லலை?"

"நீங்க கேட்டது கொலை, கடத்தல், பகை. பேய்க்குத் தொண்டை சரியில்லைங்கறதை எந்தத் தலைப்புல சொல்றது?"

பேயாக நடிக்கிறவர் மாடிப்படித் திருப்பத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு நிலா காட்டுகிற அப்பாவைப்போல் சாதுவான, வழுக்கைத் தலை மனிதர். அந்த வசனத்தைத் தான்தான் சொன்னதாக மறுபடியும் சத்தியம் செய்தார். கண் மட்டும் தேநீருக்குள்ளேயே இருந்தது.

"நடுவுல மூணு வாரம் உங்க குரல்ல எதிரொலி ஏன் இல்ல?" என்று கேட்டார் கேப்டன்.

பேய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "அதை ஏன் சார் கேக்கறீங்க! பதினாலு வருஷமா பேயா இருக்கேன். எதிரொலி இல்லாத பேய் வெறும் ஆள்தானே? ஐயாகிட்டே போய் நின்னேன். 'புதுப் பாணி, சும்மா பேசு'ன்னுட்டார். ஐயா சொன்னா சொன்னதுதான்."

"அந்த வசனத்தைச் சொன்னதாச் சொல்லுன்னதும் ஐயாதானா?"

அவர் கோப்பையைப் படியில் வைத்தார். "எனக்கு நாலு குழந்தைங்க சார்" என்றார் பேய், மெதுவாக.

கன்ட்ரோல் ரூம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக் கூடம். நடுவில் மைக். சுற்றிலும் சத்தம் எழுப்பும் சாமான்கள்: சட்டத்தில் பொருத்திய தனிக் கதவு, சரளைக்கல் தட்டு, தகரத் தகடு. தரையில் காற்றுக் குழாயின் இரும்புக் கம்பி மூடி.

குமிழ்கள் வரிசையாக இருந்த மேஜைக்கு முன்னால் ஐம்பது வயதுள்ள ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். எல்லாக் குமிழும் கறுப்பு. கடைசிக் குமிழின்மேல் மட்டும் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது.

"அதுக்கு என்னம்மா காயம்?" என்றான் வால்வு.

"அது எதிரொலி அறைக்குப் போற குமிழ் தம்பி. கீழ்த்தளத்துல ஜன்னல் இல்லாத ஒரு அறை, சுத்திலும் வழவழன்னு ஓடு பதிச்சது. ஒரு மூலையில ஒலிபெருக்கி, எதிர் மூலையில மைக். இந்தக் குமிழைத் திறந்தா இங்க பேசறது கீழே ஒலிபெருக்கியில கேக்கும். அது சுவர்ல முட்டி மோதித் திரும்பறதை அந்த மைக் பிடிச்சு மேலே அனுப்பும். அதுதான் பேய்க்குரல்."

"அந்த அறைக்குள்ள யார் போவாங்க?" என்றார் கேப்டன்.

"யாரும் போகமாட்டாங்க. அங்க ஒரு கொசு பறந்தாலும் நாட்டுக்கே கேக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிடுவாங்க, அந்தக் கதவுல கை வைக்காதேன்னு. சாவி ஐயாகிட்டதான் இருக்கு."

"போன வெள்ளிக்கிழமை குமிழைத் திறந்தது நீங்களா?"

அம்மாளின் முகம் சுருங்கியது. "என் பொண்ணுக்குப் பிரசவம். ஒரு மாசம் லீவு. வெள்ளிக்கிழமைதான் திரும்பி வந்தேன். இனிமே எதிரொலி கிடையாதுன்னு எனக்கு யாரும் சொல்லலை. பதினோரு வருஷப் பழக்கம் சார், பேய் வாயைத் திறந்தா என் கை தானா அந்தக் குமிழுக்குப் போயிடும். மறுநாள் ஐயா என்னை எல்லாருக்கும் முன்னால நிக்கவெச்சுக் கேட்டார், 'உன் கை உன் பேச்சைக் கேக்காதா, அதை வெட்டிடலாமா'ன்னு. அவரே காகிதம் ஒட்டிட்டுப் போனார்."

ஒலிபரப்பின் பதிவுத் தட்டை எடுத்துச் சுழலவிட்டாள். பேயின் வசனம் வந்தது. முதலில் அருகில் ஒரு குரல், அதன் பின்னாலேயே கிணற்று எதிரொலி. பிறகு மருமகளின் 'யாரது?' அதற்கும் அப்படியே. பிறகு அந்தக் குரல்.

வால்வு தட்டை மறுபடி வைக்கச் சொன்னான். மூன்று தடவை கேட்டான். அவன் முகத்திலிருந்த விளையாட்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது.

"அத்தான், பேயண்ணன் பேசும்போது ஆளும் இருக்கு, நிழலும் இருக்கு. இதுல ஆள் இல்ல, நிழல் மட்டும்தான். இந்த மைக்குல யாரும் இதைப் பேசலை."

"பின்னே?"

"கீழே இருக்கற மைக்குல பேசியிருக்கான். அந்த அறைக்குள்ளேர்ந்து."

கேப்டன் வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தார். மூன்று வாரம் பேய்களின் வாயைக் கட்டியது யார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்பதும் புரிந்துவிட்டது. புரிந்ததில் அவருக்கு மகிழ்ச்சியில்லை.

மாமனாரின் அறைக்கதவு திறந்தே இருந்தது. எழுபது வயது. ஈட்டியை நட்டு வைத்ததுபோல் உட்கார்ந்து, அன்றைய நாடகத்தின் பக்கங்களில் சிவப்பு மசியால் திருத்திக்கொண்டிருந்தார். தலைக்குமேல் ராணுவ உடையில் மகனின் படம், கறுப்புச் சட்டத்துக்குள். கீழே கண்ணாடிப் பேழையில் ஒரு பதக்கம். சுவரோரம் கடித மூட்டைகள்.

"வாங்க கேப்டன். உங்களைப் பத்தி விசாரிச்சேன்" என்றார், தலை நிமிராமல். "போர்முனையிலேர்ந்து ஓடினவங்களைப் பிடிக்கிற வேலை. நாப்பத்தொரு பேர். பதினேழாவது ஆள் உங்க சொந்தத் தம்பி."

வால்வு ஒரு அடி முன்னால் வந்தான். கேப்டன் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"விசாரிச்சது சரி" என்றார்.

"அதனால மத்தவங்களைவிட உங்களுக்கு என்னைப் புரியும். வீட்டு மானம்னா என்னன்னு தெரிஞ்ச ஆள் நீங்க."

"உங்க மகன் எப்ப வந்தான்?"

பெரியவர் பேனாவை மூடி, மேஜை விளிம்புக்கு நேராக வைத்தார். பொய் சொல்வது தன் தகுதிக்குக் குறைவு என்று நினைப்பவர் என்பது கேப்டனுக்குத் தெரிந்தது. அல்லது, எதிரில் நிற்பவன் பொய்க்குக்கூட லாயக்கில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

"நாலு வாரம் ஆச்சு. விடியற்காலையில வந்தான். சண்டை தொடங்கறதுக்கு முந்தின நாளே ஓடிட்டானாம். மூணு மாசத்துக்கு மேல காட்டுலயும் வைக்கோல் போர்லயும் ஒளிஞ்சு கிடந்திருக்கான். இவன் படையில இருந்தவங்க அத்தனை பேரும் செத்தாங்க. இவனும் செத்ததா அரசாங்கம் எனக்குப் பதக்கம் அனுப்பிச்சிருக்கு." அவர் மூட்டைகளைக் காட்டினார். "இதுல ஒவ்வொரு கடிதமும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி எழுதினது. 'உங்க மகனும் எங்க பிள்ளையும் ஒண்ணா படுத்திருக்காங்க'ன்னு எழுதறாங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்? எங்க வீட்டுல செத்தவன் இருக்கான். ஓடினவன் இல்ல."

"மருமகள்?"

"அவ வாயைத் திறந்தா எல்லாம் போச்சு. அவ வாயை யாரும் நம்பாத இடம் ஒண்ணு இருக்கு. அங்க அனுப்பறேன். சோறு போடுவாங்க."

மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நீளச் சாவியை எடுத்துக் கேப்டன் முன்னால் வைத்தார்.

"எதிரொலி அறைச் சாவி. இது ஒண்ணுதான். இன்னொண்ணை அரத்தால ராவி நானே அழிச்சேன். இதைக் கொண்டுபோய் அவகிட்டயே குடுங்க. வாசல்ல ராணுவக் காவல் நிக்குது. கதவைத் திறந்தா அவ பைத்தியம் இல்லைன்னு ஆயிடும். நாளைக்குக் காலையில அவனைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டிருப்பாங்க. அவ திறக்கமாட்டா. என் மருமகளை எனக்குத் தெரியும். நான் எழுதின வசனத்தைவிட அவ நல்லவ."

கேப்டன் சாவியை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"என் தம்பியை நான் பிடிச்சுக் குடுத்தேன். உண்மைதான். ஆனா காகிதத்துல 'இவன் என் தம்பி'ன்னு எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அவனை எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லலை ஐயா. உங்க மானமும் என் மானமும் ஒரே துணி இல்ல."

சிவப்புப் பேனா மறுபடியும் திறந்தது.

மணி மூன்றேகால். மருமகள் எல்லாவற்றையும் கேட்டாள். சாவியைக் கையில் வாங்கி, சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை.

"உயிரோட இருக்காரு" என்றாள். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன வார்த்தையைக் கேப்டன் தன் உத்தியோகத்தில் கேட்டதில்லை. "அப்ப நான் போறேன் சார் அந்த வண்டியில. போய் உட்கார்ந்துக்கறேன். சண்டை முடியற வரைக்கும்தானே? ஒரே ஒரு தடவை அவர்கிட்ட பேசிட்டுப் போறேன்."

கன்ட்ரோல் ரூம் அம்மாள் எதையும் கேட்கவில்லை. காகிதத்தைக் கிழித்துக் குமிழைத் திறந்தாள். நிலையத்துக்கு வெளியே எதுவும் போகாது. ஒத்திகை இணைப்பு மட்டும். மருமகள் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான்தான். வக்கீலம்மா."

பிறகு ஒலிபெருக்கியில், கிணற்றின் அடியிலிருந்து, ஒரு மூச்சு.

"யாராவது பக்கத்துல இருக்காங்களா?"

"நான் மட்டும்தான். உங்களுக்குச் சாப்பாடு குடுக்கறாங்களா?"

"ஏன் அன்னிக்குக் கத்தின? கூறு இருக்கா உனக்கு? என்னைக் காட்டிக் குடுக்கப் பாத்தியா? அப்பா வந்து என்ன சொன்னார் தெரியுமா? சுவரு, துப்பாக்கின்னு..."

"என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க. நாலு மணிக்கு."

"தெரியும். அப்பா சொன்னார். நான்தான் சரின்னேன்."

மருமகளின் கை மைக்கின் தண்டைப் பிடித்தது.

"நீங்களா?"

"ஆஸ்பத்திரிதானே? சோறு போடுவாங்க. உனக்கு என்ன, உயிரா போகுது? போய்த் தொலையேன். வாயை மூடிக்கிட்டு இரு. யாரோ வர்ற மாதிரி இருக்கு, வை."

மருமகள் திரும்பி நடந்து வந்தாள். போனபோது இருந்த முகம் திரும்பி வரவில்லை. அப்பனும் மகனும் ஒரே வசனத்தை இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்கள் என்று கேப்டன் நினைத்துக்கொண்டார்.

"சார், நாப்பத்தொரு பேரைப் பிடிச்சீங்களே. ஒளிஞ்சிருக்கறவன் எப்ப வாயைத் திறப்பான்?"

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று கேப்டனுக்குப் புரிந்தது.

"வெளியே வந்தா சாவுன்னு நினைக்கிற வரைக்கும் திறக்கமாட்டான். உள்ளே இருந்தா சாவுன்னு ஆயிட்டா, நீங்க கேக்கவே வேண்டாம்."

"சரி" என்றாள் அவள். "குமிழ் திறந்தே இருக்கட்டும்மா."

டாக்டர் நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தார். பின்னால் வெள்ளைச் சட்டைக்காரர்கள் இருவர். பெரியவரையும் கேப்டன் கூடத்துக்கே வரச் சொல்லியிருந்தார். அவர் மைக்குக்கு எதிரில் கைத்தடியை ஊன்றி நின்றார். வாசல் காவல் சார்ஜென்ட் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதை அவர் பார்த்தார். கேப்டனைப் பார்த்து லேசாகப் புன்னகை செய்தார். மிரட்டுகிறாயா, பார்க்கலாம் என்பது அந்தப் புன்னகை.

"டாக்டர், நான் சொன்னது தப்பு" என்றாள் மருமகள், தெளிவாக, ஒலிபரப்பில் பேசுகிற குரலில். "கீழே அறையில என் வீட்டுக்காரர் இருக்கார்னு பிரமை. மாமாவையே கேளுங்க."

டாக்டர் திரும்பினார். "அந்த அறையில யாராவது இருக்காங்களா ஐயா?"

"யாரும் இல்ல" என்றார் பெரியவர். முதுகு வளையவில்லை.

"பாத்தீங்களா? ஆளில்லாத அறைக்குச் சாவி எதுக்கு?"

அவள் குனிந்து, தரையிலிருந்த காற்றுக் குழாயின் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி, சாவியை விட்டுவிட்டாள். இரும்பு தகரத்தில் மோதிற்று. மறுபடி மோதிற்று. விழுந்துகொண்டே, சுற்றிக்கொண்டே, மூன்று மாடி ஆழத்துக்குப் போயிற்று. மைக் அதில் ஒரு சத்தத்தையும் தவறவிடவில்லை.

பெரியவரின் கைத்தடி அசைந்தது. அது மட்டும்தான் அசைந்தது.

"அந்த அறையை இனிமே யாரும் திறக்கவேண்டாம், இல்லையா மாமா?"

"வேண்டாம்."

"எப்பவுமே?"

பெரியவர் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் சீருடையைப் பார்த்தார். பதக்கத்தையும் மூட்டைகளையும் ஒருமுறை மனதில் பார்த்திருக்கவேண்டும்.

"எப்பவுமே" என்றார்.

ஒலிபெருக்கி அலறியது.

"அப்பா! என்னப்பா சொல்றீங்க? சாவி போச்சா? அப்பா!" கதவை இரண்டு கையாலும் குத்துகிற ஓசை ஓடு பதித்த சுவர்களில் மோதி, ஒன்று பத்தாகி, பத்து நூறாகி வந்தது. ஒரு ஆள் ஒரு பட்டாளம்போல் கதறினான். "நான் இருக்கேன்! உள்ள இருக்கேன்! யாராவது திறங்க!"

டாக்டரின் கையிலிருந்த காகிதம் தொய்ந்தது. சார்ஜென்ட் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

வால்வு கேப்டனின் காதோரம் குனிந்தான். "அத்தான், அறைச் சாவி என் சட்டைப் பையில பத்திரமா இருக்கு. குழாய்ல போனது நம்ம வீட்டு வாசல் சாவி. அக்காவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"போய்த் திறந்துவிடு. உடைச்சா கதவு வீண்" என்றார் கேப்டன்.

ஐந்து நிமிடத்தில் அவனை மேலே கொண்டுவந்தார்கள். தாடி, அழுக்கு, வெளிச்சத்தில் கூசும் கண்கள். படத்தில் இருந்தவனுக்கும் இவனுக்கும் சம்பந்தம் சொல்வது கஷ்டம். சார்ஜென்ட் விலங்கை மாட்டிவிட்டு, பெரியவர் முன்னால் நிமிர்ந்து நின்றான்.

"ஐயா, இவர் உங்க மகனா?"

அவர் கைத்தடியை நேராக ஊன்றிக்கொண்டார்.

"என் மகன் போர்ல செத்துட்டான்" என்றார் பெரியவர். "அரசாங்கம் தந்தி குடுத்திருக்கு. இந்த ஆளை எனக்குத் தெரியாது. திருட்டுத்தனமா நுழைஞ்சவனா இருக்கும்."

கேப்டனுக்கு அது புரிந்தது. கிழவர் தன் மானத்தையும் காப்பாற்றிக்கொண்டார், மகனுக்கு ஒரு சந்தும் திறந்துவிட்டார். திருடனுக்குச் சிறைதான், சுவர் இல்லை. மகனுக்கும் அது புரிந்துவிட்டது. கண்கள் பளிச்சென்று மின்னின.

சார்ஜென்ட் மருமகள் பக்கம் திரும்பினான். "அம்மா, நீங்க சொல்லுங்க. இவர் உங்க வீட்டுக்காரரா?"

ஆம் என்றால் அவன் செத்தான். இல்லை என்றால், கணவன் இருக்கிறான் என்று இத்தனை நாள் சொன்னது பிரமை என்று ஆகிவிடும். வண்டி வாசலில் நிற்கிறது. டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. கணவனை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அரை நிமிடம் ஆயிற்று. கேப்டன் குறுக்கிடவில்லை. அந்த மௌனத்தை எத்தனையோ அறைகளில் பார்த்திருக்கிறார். பயந்தவனால் அதைத் தாங்கமுடியாது.

தாங்கமுடியவில்லை.

"இல்லைன்னு சொல்லேன்!" என்று கத்தினான் அவன். "என்ன பாத்துக்கிட்டு நிக்கற? இல்லைன்னு சொல்லு வக்கீலம்மா!"

டாக்டரின் பேனா அந்தரத்தில் நின்றது. அவருடைய காகிதத்தில் மூன்றாவது வரி அதுதான்: 'வக்கீலம்மா என்று இறந்த கணவர் அழைப்பதாகப் பிரமை.' அதை ஒருமுறை படித்தார். அந்த மனிதனை ஒருமுறை பார்த்தார். பிறகு காகிதத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் நான்கு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவளிடமே நீட்டினார்.

அவள் வாங்கிப் படித்தாள். நான்காக மடித்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலைங்க" என்றாள் கணவனிடம். "நீங்களேதான் சொன்னீங்க."

அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். படி இறங்கும்வரை அந்தப் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது எதிரொலி இல்லாமல்.

பெரியவர் நின்ற இடத்திலேயே நின்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அஞ்சு மணிக்கு நாடகம் இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல். "உன் பாத்திரத்தை ஊருக்கு அனுப்பியிருக்கேன். திரும்பக் கூப்பிடறதா இருந்தா ரெண்டு பக்கம் மாத்தி எழுதணும்."

"வேண்டாம் மாமா. அவ போனது போனதாவே இருக்கட்டும்" என்றாள் அவள்.

கன்ட்ரோல் ரூம் அம்மாள் கடைசிக் குமிழை மூடினாள். கேப்டன் வெளியே வந்தார். மாடிப்படியில் வழக்கம்போல் நிமிர்ந்துதான் இறங்கினார். ஆனால் கழுத்துப் பித்தான் மூச்சை அடைத்தது. திருப்பத்தில் நின்று அதைக் கழற்றிவிட்டார்.

வால்வு அதைப் பார்த்தான். பதினேழாவது ஆளைப்பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை. இன்றும் பேசவில்லை.

"வாங்க அத்தான்" என்றான். "வீட்டுக்குப் போய் வாசல்ல நின்னு, நாமதான் வந்திருக்கோம்னு கத்துவோம். அக்கா அடையாளம் சொல்றாளா பாக்கலாம்."